அளவும் வரிசையும்: உள்அலங்கார வடிவமைப்பாளரின் வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: உள்அலங்கார வடிவமைப்பாளரின் நாள் எப்படிப் போகும், பயணம் நிறைய இருக்குமா, இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர் எதை முதலில் கற்க வேண்டும்?

நிறம் தேர்ந்தெடுப்பதும் திரைத்துணி பார்ப்பதும் இந்த வேலையில் சின்னப் பகுதி. அளப்பது, வரைவது, எந்த வேலைக்காரர் எப்போது உள்ளே வர வேண்டும் என்று வரிசை கட்டுவது, வந்தவர் வரைபடப்படி செய்கிறாரா என்று சைட்டில் நின்று பார்ப்பது, இவைதான் பெரும்பகுதி. காலையில் சைட், மதியம் வரைபடம், மாலையில் வீட்டுக்காரரோடு பேச்சு, இடையில் பொருள் அனுப்புகிறவர்களைத் தொலைபேசியில் துரத்துவது என்று நாள் போகும். கெட்டுப்போன வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் ரசனைக் குறையால் கெட்டது குறைவு. ஓர் அளவு தப்பியிருக்கும், அல்லது முன்னால் நடக்க வேண்டியது பின்னால் நடந்திருக்கும். அதனால் இந்தப் பதிலிலும் அந்த இரண்டையும் பற்றியே அதிகம் இருக்கும்.

முதல் சந்திப்பில் "உங்களுக்கு எந்த ஸ்டைல் பிடிக்கும்?" என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எங்கோ பார்த்த படத்தைக் காட்டுவார்கள். கேட்க வேண்டியவை வேறு. வீட்டில் யார் முதலில் எழுகிறார், யார் சமைக்கிறார், அவர் உயரம் என்ன, இடது கைப்பழக்கமா? படுக்கையில் படிக்கிறவர் உண்டா? துணி மடித்து வைப்பது அதிகமா, தொங்கவிடுவது அதிகமா? எத்தனை ஜோடி செருப்பு? பெரிய பாத்திரங்களின் உயரம் என்ன? இவற்றை வாய்ச்சொல்லாகக் கேட்டு விடாமல், இப்போது குடியிருக்கும் வீட்டுக்குப் போய் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். நீளமான உடைகள் தொங்க 1500 மி.மீ. உயரம் வேண்டும், சட்டைக்கு 1000 மி.மீ. போதும். இந்தக் கணக்கு இல்லாமல் அலமாரி வரைந்தால், பாதி இடம் காலியாகவும் மீதி பிதுங்கியும் நிற்கும்.

பணத்தைப் பற்றியும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். மொத்தத் தொகை என்ன, அதில் 10 முதல் 15 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கென்று தனியே ஒதுக்க முடியுமா என்று கேட்பது அவசியம். பழைய கட்டிடமென்றால் அந்த ஒதுக்கீடு கட்டாயம் வேண்டும். சுவரை உடைத்தபிறகுதான் உள்ளே துருப்பிடித்த குழாய் இருப்பது தெரியவரும். எது உங்கள் வேலை, எது உங்கள் வேலை இல்லை என்பதையும் எழுத்தில் வையுங்கள். குளிர்சாதனம் யார் பொறுப்பு, தொங்குவிளக்கை யார் மாட்டுவது, குப்பையை யார் அள்ளுவது என்று எழுதாமல் விட்ட இடத்தில்தான் பின்னால் மனக்கசப்பு வரும்.

அடுத்தது அளவெடுப்பது. இதில் காட்டும் பொறுமை மொத்த வேலையையும் காப்பாற்றும்.

எந்தச் சுவரும் நேராக இல்லை என்று நம்பிக்கொண்டே உள்ளே போங்கள். அலமாரி வரப்போகும் இரண்டு சுவருக்கு நடுவிலான அகலத்தைத் தரையோடு ஒருமுறை, இடுப்புயரத்தில் ஒருமுறை, தலைக்கு மேல் ஒருமுறை என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். குறைந்த அளவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தும் இருபக்கம் 20 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியை அடைப்புப் பட்டையால் மூடினால் அலமாரி நேராக நிற்கும். சுவரின் கோணலும் வெளியே தெரியாது. பட்டைக்கு இடம் விடாமல் வரைந்தால், தச்சர் சைட்டில் அலமாரியின் பக்கத்தைச் செதுக்குவார். பிறகு கதவு உரசும்.

அறை மூலைமட்டத்தில் இருக்கிறதா என்று அறிய இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு மூலையைச் சோதிக்க 3-4-5 கணக்கு போதும்: ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, இரு குறிகளுக்கும் நடுவே 5 அடி வந்தால் அது செங்கோணம். மேற்கூரை உயரத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் எடுங்கள். உத்தரம் எவ்வளவு கீழே இறங்குகிறது, ஜன்னல் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஸ்விட்ச் பெட்டி எங்கே, கழிவுநீர்க் குழாய் எங்கே வெளியேறுகிறது என்று எல்லாவற்றையும் குறியுங்கள். வாசலில் நின்று கடிகார முள் திசையில் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்தால் பிறகு குழப்பம் வராது.

பலரும் மறப்பது மின்தூக்கியும் படிக்கட்டும். பிளைவுட் பலகை 2440 × 1220 மி.மீ. தூக்கியின் கதவு அகலம், உள்ளுயரம், உள்ளே சாய்த்து வைத்தால் கிடைக்கும் மூலைவிட்ட நீளம், படிக்கட்டுத் திருப்பத்தின் அகலம் இவற்றை முதல் நாளே அளந்து வையுங்கள். மூன்று பேர் அமரும் சோஃபா தயாராகி வந்து வாசலிலேயே நின்றுபோவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. நீளமான பொருளைத் துண்டாகச் செய்து உள்ளே வந்து பூட்டுகிற மாதிரி வரைந்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அலகைப் பற்றி ஒரு வார்த்தை. வரைபடம் மி.மீ.யில், தச்சர் பேச்சு அங்குலத்தில் என்று இருந்தால் தப்பு நிச்சயம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை 25 என்று வாய்க்கணக்காகப் போட்டால் 8 அடி உயரத்தில் 38 மி.மீ. காணாமல் போகும். ஒரு சைட்டுக்கு ஒரே அலகு என்று முடிவுசெய்து, எல்லாருடைய டேப்பும் அந்த அலகைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

வரைபடத்துக்கு வருவோம். தரைப்படம் 1:50 அளவில் (படத்தில் 1 மி.மீ. என்றால் இடத்தில் 50 மி.மீ.), ஒவ்வொரு சுவரின் முகப்புத் தோற்றம் 1:20 அளவில், இணைப்புகளும் விளிம்புகளும் 1:5 அளவில் இருந்தால் சைட்டில் கேள்விகள் குறையும். புதிதாக வருகிறவர்கள் தரைப்படத்தையும் முப்பரிமாணப் படத்தையும் அழகாகச் செய்துவிட்டு முகப்புத் தோற்றத்தை விட்டுவிடுகிறார்கள். ஸ்விட்ச் பலகை கட்டில் தலைப்பலகைக்குப் பின்னால் மறைவதும், சாக்கெட் சமையல்மேடைக்குக் கீழே போவதும் அதனால்தான். ஒவ்வொரு தாளிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்கட்டும். புதிய தாள் வந்ததும் பழையதைச் சைட்டிலிருந்து எடுத்து வந்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் யாராவது ஒருவர் பழையதைப் பார்த்துத்தான் வெட்டுவார்.

கைவசம் இருக்க வேண்டிய அளவுகள் சில உண்டு. சாப்பாட்டு மேசை உயரம் 750 மி.மீ., நாற்காலி இருக்கை 450 மி.மீ. ஒருவர் தோள் இடிக்காமல் சாப்பிட மேசையில் 600 மி.மீ. நீளம் வேண்டும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துபோக மேசை விளிம்பிலிருந்து சுவருக்குக் குறைந்தது 750, வசதியாக 900 மி.மீ. நடைவழிக்கு 900 மி.மீ. துணி அலமாரி ஆழம் 600 மி.மீ.; 550 ஆகக் குறைத்தால் தொங்கும் துணி கதவில் உரசும். வீட்டுக்காரருக்குப் படம் புரியவில்லை என்றால் தரையில் ஒட்டும் காகிதநாடாவால் கட்டிலையும் மேசையையும் முழு அளவில் ஒட்டிக் காட்டுங்கள். எந்தக் கணினிப் படமும் அந்த அளவு தெளிவைத் தராது.

சமையலறை தனிக் கவனம் கேட்கிற இடம். ஆஸ்திரியக் கட்டிடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும்தான். சமைக்கிறவர் எத்தனை அடி நடக்கிறார், எதற்காகத் திரும்புகிறார் என்று கணக்கிட்டு, ரயில் உணவுப்பெட்டியின் சமையலறையிலிருந்தும் பாடம் எடுத்து அவர் அதை வரைந்தார். நூறு ஆண்டுக்குப் பிறகும் அதே கேள்விதான்: கை எங்கே போகிறது, கால் எத்தனை முறை நகர்கிறது?

மேடை உயரம் எல்லாருக்கும் ஒன்றல்ல. சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கினால் முழங்கைக்கு 100 முதல் 150 மி.மீ. கீழே மேடை இருக்க வேண்டும். பெரும்பாலும் அது 850 முதல் 900 மி.மீ.க்குள் வரும். மேடை ஆழம் 600 மி.மீ., மேல் அலமாரியின் ஆழம் 300 முதல் 350 மி.மீ., இரண்டுக்கும் நடுவே 450 முதல் 600 மி.மீ. கீழே கால்விரல் நுழைய 100 மி.மீ. உயரமும் 50 முதல் 75 மி.மீ. ஆழமும் உள்ள பள்ளம் வேண்டும். அது இல்லையென்றால் சமைப்பவர் முன்னால் குனிந்தே நிற்பார், முதுகு வலிக்கும். எதிரெதிரே இரண்டு மேடை இருந்தால் நடுவே 1050 முதல் 1200 மி.மீ. ப வடிவ, எல் வடிவ மேடைகளின் மூலையில் இரு பக்கத்து டிராயர்களும் திறக்கும்போது கைப்பிடிகள் மோதிக்கொள்ளும். அங்கே 50 மி.மீ. அடைப்புப் பட்டை விடுங்கள். குளிர்சாதனப் பெட்டியைப் பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தால் கதவு முழுதாகத் திறக்காது. உள்ளிருக்கும் தட்டுகளை வெளியே இழுக்க முடியாது. ஓவனுக்கான (மின்அடுப்புப் பெட்டி) சாக்கெட்டை அதன் முதுகுக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்து அலமாரிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஓவன் அதற்கென விட்ட இடத்துக்குள் முழுதாகப் போகாது, துருத்திக்கொண்டு நிற்கும்.

இனி வேலை வரிசை. இடிப்பு, குழாய், மின்கம்பிக்குச் சுவர் கீறுதல், குளியலறை நீர்த்தடுப்பு, பூச்சு, மேற்கூரைச் சட்டம், டைல், தச்சுவேலை, பெயிண்ட், விளக்கும் குழாயடிப் பொருட்களும், கடைசியில் திரையும் சாமான்களும். அடியில் போகிறதும் தூசி கிளப்புகிறதும் முதலில் நடக்க வேண்டும் என்பதுதான் இந்த வரிசைக்குக் காரணம்.

எந்த வேலையும் தொடங்குமுன், முடிந்த தரைமட்டத்திலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் லேசர் மட்டத்தால் வீடு முழுக்க ஒரு கோடு போட வேண்டும். டைல் பதிப்பவர், தச்சர், எலக்ட்ரீஷியன் மூவரும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். கோடு இல்லாத சைட்டில் ஒருவர் கான்கிரீட் தளத்திலிருந்தும் இன்னொருவர் டைல் மேலிருந்தும் அளப்பார். நடுவில் இருக்கும் 50 மி.மீ. வித்தியாசம் ஸ்விட்ச் பலகைகளில் பளிச்சென்று தெரியும்.

சுவர் கீறலை மூடுமுன் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துவைத்து, குழாயும் கம்பியும் போகும் இடத்தைப் படமெடுங்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் தண்ணீர்க்குழாயைக் காப்பாற்றும்.

குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு தரையோடு நிற்கக் கூடாது. சுவரில் குறைந்தது 300 மி.மீ., ஷவர் பக்கம் 1800 மி.மீ. வரை ஏற வேண்டும். கசிவு பெரும்பாலும் மூலையிலும், குழாய் தளத்தைத் துளைத்து வரும் இடத்திலும்தான் தொடங்கும். அங்கே வலைத்துணி வைத்துப் பூச வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டு, கீழ்த்தளக் கூரையைப் பாருங்கள். அவசரம் என்று இந்தச் சோதனையைத் தாண்டுகிறவர்கள் பின்னால் டைலை உடைத்துத்தான் காரணம் தேடுகிறார்கள். தரைச்சரிவு ஒரு மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. வடிகால் நோக்கி இருக்கட்டும். பதித்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும்.

டைல் வாங்கும்போது நேராகப் பதிக்க 10 சதவீதமும், சாய்வாகப் பதிக்க 15 சதவீதமும் கூடுதலாகக் கணக்கிடுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுப்பு எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். தொகுப்பு மாறினால் நிறமும் மாறும், அளவும் அரை மி.மீ. மாறும். நீளமான டைல்கள் நடுவில் லேசாக வளைந்திருப்பது இயல்பு. செங்கல் அடுக்கு மாதிரி பாதிக்குப் பாதி பதித்தால் ஒன்றின் மேடான நடு, அடுத்ததன் தாழ்ந்த முனைக்குப் பக்கத்தில் வந்து காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளிப் பதித்தால் அந்த உறுத்தல் குறையும். மரத்தளமென்றால் சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. விட வேண்டும், ஈரத்தில் மரம் விரியும், போக இடம் இல்லையென்றால் நடுவில் தூக்கும். அந்த இடைவெளியைச் சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங் பட்டை மறைத்துவிடும்.

புதுச் சிமெண்டுப் பூச்சின் மேல் பெயிண்ட் அடிக்க நான்கு வாரம் பொறுக்க வேண்டும். உள்ளே ஈரமும் சுண்ணத்தன்மையும் இருக்கும்போது மூடினால் உப்புப் பூக்கும், பொக்கு கட்டி உரியும். பட்டி பார்த்துத் தேய்த்தபிறகு ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடுபள்ளம் பாருங்கள். கடைசிப் பூச்சைத் தச்சர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் வெளியேறியபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தச்சுவேலையில் அடிக்கடி கெடுவது அலமாரித் தட்டு. ஒரே கனத்தில், ஒரே அளவு அடர்த்தியாகப் பொருள் அடுக்கினால், தட்டின் தொய்வு நீளத்தின் நான்காம் படியில் கூடும். 600 மி.மீ. தட்டை 900 ஆக்கினால் நீளம் ஒன்றரை மடங்கு, தொய்வு ஐந்து மடங்கு. கனத்தை 18இலிருந்து 25 மி.மீ. ஆக்கினால் விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடும். ஆகவே புத்தகத் தட்டுக்கு 18 மி.மீ. பிளைவுட் என்றால் 600 முதல் 750 மி.மீ.க்குள் ஒரு நிற்பலகை கொடுங்கள். நிற்பலகை வேண்டாமென்றால் முன்விளிம்பில் 40 மி.மீ. உயரப் பட்டை அடியுங்கள்.

கதவுப் பலகை வில்லாக வளைவதற்கும் காரணம் உண்டு. வெளிப்பக்கம் 1 மி.மீ. லேமினேட் (மேலே ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டி உள்பக்கத்தைச் சும்மா விட்டால், ஒரு பக்கம் ஈரத்தை உறிஞ்சும், மறுபக்கம் உறிஞ்சாது, பலகை வளையும். உள்பக்கமும் கிட்டத்தட்ட அதே கனத்தில் லேமினேட் வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான், அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். கீல் எண்ணிக்கை கதவின் எடையைப் பொறுத்தது. பொதுவாக 900 மி.மீ. உயரம் வரை 2, 1600 வரை 3, 2000 வரை 4 என்று வைக்கலாம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வரும் அலமாரிக்கு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம். ஒருமுறை ஊறினால் உப்பியது திரும்பச் சுருங்காது. நீர் தாங்கும் பிளைவுட் போட்டு, வெட்டிய விளிம்பு ஒன்றுவிடாமல் மூடச் சொல்லுங்கள். குழாய்க்காகப் போட்ட ஓட்டையின் விளிம்பையும் சேர்த்துத்தான்.

விளக்குக்கு வருவோம். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல்), வேலை செய்யும் இடத்துக்கு 4000 கெல்வின் (வெண்மை). ஒரே அறையில் இரண்டையும் கலந்து எரியவிட்டால் சுவர் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் நீலமாகவும் தெரியும். நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீட்டெண் 90க்கு மேல் உள்ள விளக்கை வாங்குங்கள். 80 என்றால் உணவும் மனித முகமும் சோகையாகத் தெரியும். சமையல்மேடையில் ஏறக்குறைய 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும். கூரை விளக்கால் அது வராது, சமைப்பவரின் சொந்த நிழலே மேடையில் விழும். மேல் அலமாரிக்கு அடியில் முன்விளிம்பை ஒட்டி விளக்கு வையுங்கள். குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒரே விளக்கு வைத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். இரண்டு பக்கமும் முக உயரத்தில் வைத்தால் சவரத்துக்கும் ஒப்பனைக்கும் சரியாக இருக்கும். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை 5 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாக இழுத்தால் கடைசி முனை மங்கும். 24 வோல்ட் பட்டை போடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுங்கள். அதன் டிரைவரை (பட்டைக்கு ஏற்ற மின்சாரம் தரும் சிறு பெட்டி) மேற்கூரைக்குள் புதைத்து மூடிவிடாதீர்கள். முதலில் கெடப்போவது அதுதான், கை நுழைய ஒரு வழி வேண்டும்.

நிறத்தைக் கடைசியில் தேர்ந்தெடுப்பதே நல்லது. கல், துணி, மரம் இவற்றில் கிடைப்பதுதான் கிடைக்கும். பெயிண்டை எந்த நிறத்திலும் கலந்து வாங்கலாம். கைப்பிடி அளவுச் சீட்டை நம்பாமல் ஒரு மீட்டர் சதுரப் பலகையில் இரண்டு கோட் அடித்து, ஒவ்வொரு சுவரிலும் சாய்த்து, காலையிலும் மாலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த துணியும் பெயிண்டும் வீட்டு வெளிச்சத்தில் வேறுவேறாகத் தெரிவது கண்ணின் பிழை அல்ல. இரண்டின் சாயக் கலவையும் வேறு. விளக்கு மாறும்போது ஒவ்வொன்றும் வேறு விதமாக ஒளியைத் திருப்பி அனுப்புகிறது.

பயணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்டு. அதில் பெரும்பகுதி சைட்டுக்கும் தொழிற்கூடத்துக்கும் கல் கிடங்குக்கும் போவதுதான். வெளியூர் வேலையை ஒப்புக்கொள்ளும்போது எத்தனை முறை வருவீர்கள், போக்குவரத்தும் தங்கும் செலவும் யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மற்ற நாட்களில் படம் பார்த்துச் சமாளிக்கலாம். ஆனால் சுவரில் குறியிடும் நாள், சுவரும் கூரையும் மூடப்படுவதற்கு முந்தைய நாள், டைலின் முதல் வரிசை பதிக்கும் நாள், தச்சுப்பொருள் தொழிற்கூடத்திலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள், குறைகள் பார்க்கும் நாள் ஆகியவற்றுக்கு நேரில் போயே ஆக வேண்டும். வெளியூரிலிருந்து திருப்பி அனுப்பி மாற்றுவது லேசல்ல.

கல் தேர்ந்தெடுக்கும் பயணத்தை வேறு யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு நிறத்தைச் சொல்லும், வரியோட்டத்தைச் சொல்லாது. பலகையை வெளியே வெயிலில் நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் தெளித்தால், காயும்போது விரிசல் இருக்கும் இடம் மட்டும் ஈரமாகவே நிற்கும். முதுகில் வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பலவீனமான கல்லைத் தாங்கவும் அப்படி ஒட்டுவார்கள். மார்பிள் சுண்ணாம்பு வகை என்பதால் எலுமிச்சைச் சாறு பட்டால் மினுக்கம் போய்விடும். சமையல்மேடைக்குக் கிரானைட் பாதுகாப்பு. ஒரே பாறையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த பலகைகளாக எடுத்து, விளிம்பில் எண்ணெழுதிக் கையொப்பமிட்டு, எண் தெரியப் படமெடுத்து வாருங்கள். வெட்டுமுன் தரையில் அடுக்கிப் பார்த்து வரிசையை முடிவுசெய்ய வேண்டும்.

கண்காட்சிகளில் மிலானில் ஏப்ரலில் நடக்கும் சலோனே டெல் மோபிலே என்ற மரச்சாமான் கண்காட்சி முக்கியமானது. 1961இல் தொடங்கியது. அதனோடு சேர்ந்து, சமையலறைக்கான யூரோகுச்சீனா இரட்டைப்படை ஆண்டுகளிலும் விளக்குகளுக்கான யூரோலூச்சே ஒற்றைப்படை ஆண்டுகளிலும் நடக்கும். எதற்காகப் போகிறீர்கள் என்பதை வைத்து ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். டைலுக்குச் செப்டம்பரில் பொலோன்யாவில் செர்சாயே, துணிகளுக்கு ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைம்டெக்ஸ்டில். அங்கே முகப்பைப் படமெடுப்பதோடு நிற்காமல் டிராயரை முழுக்க இழுத்துப் பாருங்கள், மேசைக்கு அடியில் குனிந்து இணைப்பைப் பாருங்கள், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, எத்தனை வாரத்தில் வரும், ஐந்து வருடம் கழித்து உதிரி கிடைக்குமா என்று கேட்டுக் குறியுங்கள். கடல் தாண்டி வரும் பொருளுக்கு ஆர்டர் கொடுத்ததிலிருந்து 12 வாரமாவது கணக்கில் வையுங்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் 5 மீட்டர் டேப்பும் ஒரு நோட்டும் பையில் இருக்கட்டும். தங்கும் விடுதி அறையை அளந்து வரைவது நல்ல பயிற்சி. படுத்தபடி கை நீட்டினால் ஸ்விட்ச் எட்டுகிறதா, பெட்டியை எங்கே திறக்கிறோம், ஷவர் குழாயைத் திருப்பும்போது கை நனைகிறதா என்று பார்த்து எழுதினால், அடுத்த வரைபடத்திலேயே அது உதவும். வசதியாக உட்கார்ந்த நாற்காலியின் உயரம், ஆழம், சாய்வு மூன்றையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் காலம் வந்ததும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்குகள் எரியும்போது ஒருமுறை ஒவ்வொரு அறையாகக் குறைப்பட்டியல் எடுங்கள். எண், இடம், படம், பொறுப்பாளர், முடிக்கும் தேதி என்று எழுத வேண்டும். எல்லாக் கதவையும் திறந்து மூடி, எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, எல்லாச் சாக்கெட்டையும் சோதியுங்கள். வேலைக்காரர் தொகையில் 5 முதல் 10 சதவீதத்தை அந்தப் பட்டியல் தீரும்வரை நிறுத்திவைப்பதாக ஆரம்பத்திலேயே பேசியிருக்க வேண்டும். கடைசியில் புதிதாகச் சொன்னால் அது அநியாயம். வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் எண்கள், டைல் தொகுப்பு எண், லேமினேட் எண், சுவர் மூடுமுன் எடுத்த படங்கள், ஒரு பெட்டி உபரி டைல் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள்.

கட்டணத்தை நிலையான தொகையாகவோ, பரப்பளவுக்கு இவ்வளவு என்றோ, செலவில் சதவீதமாகவோ, மணிக்கணக்காகவோ வாங்கலாம். சதவீதம் என்றால் செலவு ஏற ஏற உங்களுக்கும் கூடும். வீட்டுக்காரர் மனதில் அந்தச் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். நிலையான தொகை வாங்கி, எத்தனை திருத்தம் வரை அதில் அடக்கம் என்று எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி. கடைக்காரர் தரும் கழிவுத்தொகையை மறைத்து வாங்காதீர்கள். வாங்குவதாக இருந்தால் சொல்லிவிட்டு வாங்குங்கள், அல்லது பில்லிலேயே கழிக்கச் சொல்லுங்கள். மறைத்த கழிவு ஒருநாள் வெளியே வரும். அதன்பிறகு நீங்கள் நல்ல பொருளைச் சிபாரிசு செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தொடங்குகிறவர் முதலில் கற்க வேண்டியது மென்பொருள் என்று பலர் சொல்வார்கள். அதுவும் தேவைதான், சில மாதத்தில் கைவந்துவிடும். அதற்கு முன் ஒரு தச்சுக்கூடத்தில் சில வாரம் நின்று பலகை வெட்டுவதிலிருந்து கீல் பூட்டுவது வரை பாருங்கள். டைல் பதிப்பவர் முதல் கோட்டை எங்கே போடுகிறார், ஏன் அங்கே போடுகிறார் என்று கேளுங்கள். கையால் 1:20 அளவில் வரையப் பழகினால் சைட்டில் சுவரிலேயே வரைந்து காட்டிப் பிரச்சினையைத் தீர்க்கலாம். ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், லேசர் நான்கையும் நீங்களே பிடித்துப் பழகுங்கள். மட்டம் பார்க்கத் தெரிந்தவர் என்று தெரிந்தால் மேஸ்திரி உங்களிடம் பேசும் விதமே மாறும்.

வேலை தேடிப் போகும்போது கொண்டுபோகும் தொகுப்பில் முடிந்த அறைகளின் படங்களை மட்டும் அடுக்காதீர்கள். ஒரே ஒரு அலமாரியாக இருந்தாலும் பரவாயில்லை: அளவெடுத்த தாள், 1:20 முகப்பு, 1:5 இணைப்பு, பொருள் பட்டியல், சைட்டில் மாற்றிய இடம், மாற்றியதன் காரணம், முடிந்தபின் எடுத்த படம் எல்லாவற்றையும் அடுத்தடுத்து வையுங்கள். வேலை கொடுக்கிறவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான்.